ஒழுங்கே இல்லாமல் எண் சொல்ல முடியுமா?

[திரையில்: வெள்ளைத்தாள், பேனா]

நாணயம் வேண்டாம், ஒரு தாள் போதும். 100 முறை சுண்டியதாக நினைத்துக்கொண்டு பூ, தலை, தலை, பூ என்று தோன்றியபடி எழுதுங்கள். வீடியோவை நிறுத்தி வைத்தாலும் சரி.

எழுதியாச்சா? தொடர்ந்து ஆறு தலையோ ஆறு பூவோ எங்காவது இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. மூன்று வந்ததுமே கை கூசும். நான்காவதும் அதையே எழுதினால் வேண்டுமென்றே எழுதியதுபோல் இருக்குமே என்று மாற்றிவிடுவோம். நிஜ நாணயத்தை 100 முறை சுண்டினால், ஆறோ அதற்கு மேலோ ஒரே பக்கம் தொடர்ந்து விழ ஏறக்குறைய 80 சதவீத வாய்ப்பு உண்டு. முன்பு என்ன விழுந்தது என்ற ஞாபகமே நாணயத்துக்குக் கிடையாது. நமக்கு உண்டு. சிக்கலே அதுதான்.

[திரையில்: 0 முதல் 9 வரை]

எண்களிலும் இதே கதை. 0 முதல் 9 வரை இஷ்டத்துக்குச் சொல்லச் சொன்னால், சொன்ன எண்ணையே உடனே திருப்பிச் சொல்லத் தயங்குவோம். உண்மையில் சராசரியாகப் பத்துக்கு ஒரு தடவை அப்படி வர வேண்டும். வேகமாகச் சொல்லச் சொன்னால் இன்னும் மோசம், நாக்கு 3, 4, 5 என்று எண்ண ஆரம்பித்துவிடும்.

[திரையில்: இரண்டு பொத்தான்கள் உள்ள பழைய இயந்திரம்]

1950களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேவிட் ஹேகல்பார்கர் ஒரு இயந்திரம் செய்தார். நம்ம ஊர் ஒத்தையா இரட்டையா மாதிரிதான்: நீங்கள் இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும், எது என்று இயந்திரம் ஊகிக்கும். மொத்தம் 9795 ஆட்டங்கள். குருட்டாம்போக்கில் ஊகித்தால் 4900 சுமாருக்கு ஜெயிக்கலாம். இயந்திரம் ஜெயித்தது 5218.

அப்புறம் அதே ஆய்வகத்தின் கிளாட் ஷானன் இன்னும் எளிய ஒன்றைச் செய்தார். கடைசி இரண்டு ஆட்டங்களில் ஜெயித்தீர்களா தோற்றீர்களா, இடையில் பொத்தானை மாற்றினீர்களா என்பதை மட்டும் அது பார்க்கும். மொத்தம் எட்டே நிலைகள். அதே நிலையில் போன தடவைகளில் என்ன செய்தீர்களோ, அதையே மறுபடி செய்வீர்கள் என்று பந்தயம் கட்டும். இது ஹேகல்பார்கரின் இயந்திரத்தையே தோற்கடித்தது.

[திரையில்: விசைப்பலகை, 1, 2]

அப்படியானால் ஒழுங்கே இல்லாமல் தேர்ந்தெடுக்க மனிதனால் முடியவே முடியாதா? 1986-இல் ஆலன் நியூரிங்கர் என்ற உளவியலாளர் மாணவர்களை இரண்டே எண்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் அழுத்தச் சொன்னார். முதலில் எல்லோரும் சொதப்பினார்கள். பிறகு ஒவ்வொரு சுற்று முடிந்ததும், எங்கே ஒழுங்கு தெரிகிறது என்று பல புள்ளியியல் அளவுகளைத் திரையில் காட்டினார். நீண்ட பயிற்சிக்குப் பின், அந்த அளவுகளில் கணினி தற்செயலாகத் தந்த வரிசைக்கும் அவர்களுடையதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. தேறியது காட்டப்பட்ட அளவுகளில்தானே? யாரும் அளக்காத ஒழுங்கு ஒன்று உள்ளே இருந்திருக்கலாம். பாஸ்வேர்டு போட இந்தப் பயிற்சியை நான் நம்ப மாட்டேன்.