அம்மாவைத் தேடும் சொன்ஜே: சூத்திரத்திலிருந்து வந்த கொரியப் படம்

[திரையில்: பட்டுத் துணியில் வரைந்த பழைய கொரிய ஓவியம்]

பாறைமேல் ஒய்யாரமாக உட்கார்ந்திருப்பவர் அவலோகிதேசுவரர், பௌத்தத்தில் கருணையின் போதிசத்துவர். அவரை விடுங்கள், கீழே மூலைக்கு வாருங்கள். கைகூப்பி நிற்கும் பொடியன் தெரிகிறானா? கோர்யோ அரசர்கள் காலத்து ஓவியங்களில் இவன் அடிக்கடி தென்படுவான். பெயர் சொன்ஜே. 1993-இல் ஜாங் சொன்வூ இயக்கிய ‘ஹ்வாஒம்க்யொங்’ படத்தின் நாயகனுக்கும் அதே பெயர்தான்.

படத்தின் தலைப்பு, அவதம்சக சூத்திரம் என்ற மகாயான பௌத்த நூலின் கொரியப் பெயர். சீன மொழிபெயர்ப்பில் 80 சுருள் வரும் பெரிய நூல் அது. அதன் கடைசிப் பகுதியான கண்டவியூகத்தில்தான் பையன் வருகிறான். அங்கே அவன் பெயர் சுதனன், வசதியான வணிகர் வீட்டுப் பிள்ளை. ஞானவழி கேட்டவனை மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர் தெற்கே அனுப்பிவைக்கிறார். அப்புறம் நடை, நடை, நடை. போகிற இடமெல்லாம் ஒரு குரு. துறவி மட்டுமில்லை, மாலுமி, வாசனைப் பொருள் வியாபாரி, அரசன், வசுமித்ரை என்ற கணிகை என்று மரபுக் கணக்கில் மொத்தம் 53 பேர். “எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மேற்கொண்டு இன்னாரைப் போய்ப் பார்” என்று ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் அனுப்பிவிடுகிறார்கள்.

[திரையில்: தென்னிந்தியாவின் பழைய வரைபடம்]

அதில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் உண்டு. திராமிட நாட்டு மேகன். ஊர் நடுவே ஆசனம் போட்டு, பெருங்கூட்டத்துக்கு எழுத்துகளை வைத்து அறம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பையன் போதிசித்தம், அதாவது எல்லா உயிர்களுக்காகவும் ஞானம் அடையும் உறுதி, கொண்டவன் என்று தெரிந்ததும், சட்டென்று ஆசனத்தைவிட்டு இறங்கி அவனை விழுந்து வணங்குகிறார். கற்றுக்கொள்ள வந்தவன் காலில் கற்றுக்கொடுப்பவர்! கண்டவியூகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, படத்துக்கு வருவோம். இதற்கு மூலம் கோ உன் எழுதிய நாவல். அவர் கவிஞர், இளமையில் பத்தாண்டு போல பிக்குவாக இருந்தவர். ஜாங் கதையை இக்காலக் கொரியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளை இப்போது அநாதை. அவன் தேடுவது பெற்ற அம்மாவை. பக்தர்களுக்கு இது உறுத்தலாம். ஆனால் கண்டவியூகத்திலேயே சுதனன் சந்திக்கும் குருமார்களில் ஒருவர் புத்தரைப் பெற்ற மாயாதேவி. அந்த ஒரு இழையைப் பிடித்து முழுப் படத்தையும் இயக்குநர் நெய்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சொன்ஜேயாக நடித்த ஓ தே-க்யொங்கை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கலாம். பத்து வருடம் கழித்து ‘ஓல்ட்பாய்’ படத்தில் நாயகனின் பள்ளிப்பருவத்தில் வந்தவர் அவரேதான்.

1994-இல் பெர்லின் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்கு ஆல்ஃபிரட் பாவர் விருது கிடைத்தது. வேகமான கதையை எதிர்பார்த்துப் போனால் கொட்டாவிதான் வரும். ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் என்ன தொடர்பு என்று மண்டையைக் குடைந்துகொள்ளாமல் பாருங்கள். சூத்திரத்திலும் ஒரு குருவையும் அடுத்தவரையும் இணைப்பது ‘இன்னாரைப் போய்ப் பார்’ என்ற ஒரு சொல்லும் பையனின் நடையும்தான்.