குழப்பம் தீர்ந்த பிறகும் தொடரும் சிரிப்பு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். 1955ஆம் ஆண்டு ஈலிங் ஸ்டுடியோ தயாரிப்பில் அலெக்ஸாண்டர் மெக்கென்ட்ரிக் இயக்கிய 'தி லேடிகில்லர்ஸ்' படத்தில் நம்மைச் சிரிக்க வைப்பது ஆள்மாறாட்டக் குழப்பமா, பாத்திரத்தின் குணமா என்பது கேள்வி. குணமே என்பது எங்கள் அணியின் கட்சி.

எதிரணித் தலைவர் கதையை அழகாகவே சொன்னார். லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தை அடுத்த வீட்டில் தனியாக வாழும் வில்பர்ஃபோர்ஸ் அம்மையாரிடம் ஒரு பேராசிரியர் வாடகைக்கு அறை கேட்டு வருகிறார். அவரும் கூட்டாளிகள் நால்வரும் கொள்ளைத் திட்டம் தீட்டும்போது, கிராமபோனில் சுழலும் இசையமைப்பாளர் பொக்கெரினியின் இசையை அவர்களே வாசிப்பதாக அம்மையார் நம்பிவிடுகிறார். இந்தக் குழப்பம்தான் படத்தின் உயிர் என்றார் தலைவர்.

அப்படியானால், குழப்பம் தீர்ந்ததும் சிரிப்பும் நின்றிருக்க வேண்டுமல்லவா? கொள்ளையர் புறப்படும்போது கொள்ளைப் பணத்தை ஒளித்துவைத்த செல்லோ இசைக்கருவிப் பெட்டியின் வார் கதவிடுக்கில் சிக்கி, பெட்டி திறந்து, பணக்கட்டுகள் அம்மையாரின் கண்முன்னே கொட்டுகின்றன. உண்மை வெளிப்பட்டுவிட்டது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதன் பிறகுதான் வருகிறது. இசை கேட்க அழைக்கப்பட்ட முதிய தோழியர் வந்து நிற்க, நாடே தேடும் அந்த ஐவரும் தேநீர்க் கோப்பையும் கையுமாக, வீட்டுக்கார அம்மையாரின் கண்டிப்புக்கு அஞ்சி அடக்கமாக அமர்ந்திருக்கிறார்கள். உண்மை தெரிந்துவிட்ட அவரை யார் கொல்வது என்று தீக்குச்சி எடுத்துப் பார்த்தும் ஒருவருக்கும் கை துணியவில்லை. அந்த மிடுக்கையும் வெள்ளை மனத்தையும் ஒருசேரக் கொண்டுவந்து அம்மையாராக நடித்த கேட்டி ஜான்சன், 75 வயதைக் கடந்த நிலையில், பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார்.

முடிவில் கொள்ளைப் பணம் தன்னிடமே மிஞ்சிவிட்ட உண்மையை வில்பர்ஃபோர்ஸ் அம்மையார் சொல்லியும் காவல்துறையினர் நம்பவில்லையே, அது குழப்பமில்லையா என்று எதிரணியினர் கேட்கலாம். தோழி பார்த்ததாகச் சொன்ன விண்கலம் வெறும் கனவு என்று விளக்குவதற்காகவே காவல் நிலையம் வரை நடந்தவர் அவர். அந்தக் குணத்தை அறிந்ததால்தான், பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்போடு அனுப்பிவைக்கிறார்கள். குடையைக்கூட மறந்துவிட்டு வெளியே வந்தவர், நடைபாதை ஓவியர் ஒருவருக்குப் பெரிய நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு நடக்கிறார். நடுவர் அவர்களே, அந்த நோட்டை நீட்டிய கையில் எந்தக் குழப்பம் இருந்தது என்று அடுத்துப் பேச வரும் நண்பர் விளக்கட்டும். நன்றி.