மோனே ஓவியத்தை எங்கே நின்று பார்ப்பது?

அடுத்த கேள்வி. "இம்ப்ரஷனிச ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் பெயின்ட் திட்டுகள்தான். பாதியில் விட்ட மாதிரி இருந்தது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

அப்படியெல்லாம் இல்லை. 1874-இல் பாரிஸில் மோனே என்ற பிரெஞ்சு ஓவியரும் அவர் கூட்டாளிகளும் முதல் கண்காட்சி வைத்தபோதே பார்த்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள். மோனே ஒரு துறைமுகத்து விடியலை வரைந்து 'இம்ப்ரஷன், சூரிய உதயம்' என்று பெயர் வைத்திருந்தார். இம்ப்ரஷன் என்றால் பார்த்ததும் மனதில் பதியும் தோற்றம். லூயி லெருவா என்ற விமர்சகர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டும் காகிதம்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று நக்கலடித்தார். கிண்டலுக்குச் சொன்னது இந்த ஓவிய பாணிக்கே 'இம்ப்ரஷனிசம்' என்ற பெயராக நிலைத்துவிட்டது.

அந்தத் திட்டுகளுக்குக் காரணம் அவசரம்தான். தகரக் குழாயில் அடைத்த பெயின்ட் வந்தபிறகு, வரையும் கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வரைவது சுலபமாகிவிட்டது. ஆனால் வெயில் யாருக்காகவும் நிற்காதே! நிழல் நகர்வதற்குள் வண்ணத்தைப் பிடித்தாக வேண்டும். லண்டன் நேஷனல் கேலரியில் 'ட்ரூவில் கடற்கரை' என்று மோனே 1870-இல் வரைந்த சின்ன ஓவியம் இருக்கிறது. அதன் பெயின்டுக்குள் நிஜமான மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடற்கரையிலேயே உட்கார்ந்து வரைந்திருக்கிறார், காற்று மணலை அள்ளிப் போட்டிருக்கிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? ஆறோ கடலோ வரைந்த ஓவியம் என்று வையுங்கள். நான் ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று தடவை முன்னே பின்னே நடந்து பார்ப்பேன். முதலில் ஏழெட்டு அடி தள்ளி. தண்ணீர் தளும்பும். அப்புறம் கிட்டே, காவலர் முறைக்காத அளவுக்குக் கிட்டே. இப்போது தண்ணீரைக் காணோம், படுக்கைவாட்டில் இழுத்த நீலக் கோடு, பச்சைக் கோடு, நடுவில் வெள்ளை. நிழலைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கறுப்பே இருக்காது, ஊதாவும் நீலமும்தான். அப்படியே பின்னால் நகர்ந்தால் எந்த இடத்தில் கோடுகள் மறுபடி தண்ணீராகின்றன என்று தெரியும். உங்களுக்கான தூரம் அதுதான். பெரிய ஓவியமென்றால் இன்னும் தள்ளிப் போக வேண்டியிருக்கும்.

விவரப் பலகையைக் கடைசியில் படியுங்கள். பலர் அதைப் படித்துவிட்டு ஓவியத்தை ஒரு பார்வை பார்த்து நகர்ந்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அந்த 'சூரிய உதயம்' படத்தைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அந்த ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். சுற்றியிருக்கும் சாம்பல் வானத்துக்கும் அதற்கும் வெளிச்ச அளவு ஏறக்குறைய ஒன்றுதான். வண்ணத்தை மட்டும் வைத்தே அதை எரிய விட்டிருக்கிறார் மனிதர்.