ஈயக்காரத் தம்புசாமி

வணக்கம் நேயர்களே. உங்களில் ஐம்பதைத் தாண்டினவர்களுக்கு ஈயம் பூசுகிறவர் ஞாபகம் இருக்கும். முற்றத்து ஓரத்தில் சின்னக் குழி, கரி, துருத்தி. பித்தளைப் பானையைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, ஒரு துண்டு ஈயத்தைத் தேய்த்துப் பழந்துணியால் ஒரு சுற்றுத் துடைப்பார். பானையின் உள்பக்கம் வெள்ளையாகி விடும். நாங்கள் சும்மா ஈயம் என்றாலும் அது வெள்ளீயம். கறுப்பு ஈயம் வேறு, அது நஞ்சு. கடையில் டின் மீன் வாங்குகிறோமே, அந்த டின்னும் இதே வெள்ளீயம் பூசின இரும்புத் தகடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீமைக்காரர் டின்னில் அடைத்த சாப்பாட்டுக்குப் பழகப் பழக, மலாயா ஈயத்துக்கு மவுசு ஏறியது.

கோலாலம்பூர் அப்படிக் கிளம்பின ஊர். 1857இல் ஈயம் தேடி 87 பேர் ஆற்றால் போய் இறங்கினார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் 18 பேர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் காடு வெட்டி வெள்ளாமை செய்த எங்கள் மூத்தவர்களுக்கு அந்த மலேரியாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அந்த ஊரின் கதையில் யாப் ஆ லோய் என்ற சீனத் தலைவரின் பெயர் கட்டாயம் வரும். வர வேண்டியதுதான். நான் பேச வந்தது தம்புசாமிப் பிள்ளையைப் பற்றி. 1850இல் சிங்கப்பூரில் பிறந்த தமிழர். டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் எழுதுவினைஞராக இருந்தவர். அந்த டேவிட்சன், கோலாலம்பூர் அப்போது சேர்ந்திருந்த சிலாங்கூருக்கு முதல் பிரித்தானிய றெசிடென்ராக, அதாவது சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரியாகப் போனபோது இவரும் கூடப் போனார். அங்கே திறைசேரிக் கணக்கெல்லாம் பார்த்துவிட்டு, பிறகு ஈயத்தில் இறங்கினார்.

இவரைப் பற்றி எனக்கு எப்படித் தெரியவந்தது? என் தங்கச்சியின் மகன் அங்கே வேலை செய்கிறார். அவரிடம் போயிருந்தபோது பத்துமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பத்து மலை இருப்பதால் பத்துமலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பத்து என்றால் மலாயில் கல்லாம்! 272 படி. பாதியில் மூச்சு வாங்கி நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா. "எந்த ஊருங்க?" என்றார். மட்டக்களப்பு என்றேன். "யாழ்ப்பாணமா?" இல்லையம்மா, மட்டக்களப்பு. "ஓ, யாழ்ப்பாணம்" என்று முடித்துவிட்டார். விட்டுவிட்டேன். என்ன செய்ய? எங்கள் ஊர்க் கோயில்கள், மாமாங்கம், மண்டூர் எல்லாம் சொல்லி விளங்கப்படுத்த எனக்கு மூச்சு இல்லை. "இந்தக் கோயிலை ஆர் அம்மா தொடங்கினது?" என்று மட்டும் கேட்டேன். மேலே கையைக் காட்டி, "அவன்தான்" என்றார்.

முருகன் கோவிக்கமாட்டார். ஆனால் குகை வாசலில் வேலின் வடிவத்தைக் கண்டு, 1890 அளவில் அங்கே வழிபாட்டைத் தொடக்கியவர் தம்புசாமிப் பிள்ளை. நகரத்து மகாமாரியம்மன் கோயிலும் அவர் கைபட்டதுதான். தைப்பூசத்துக்குத் தேர் இப்போதும் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

சரி, கோயிலை விடுவோம். கோயிலைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது றவாங். கோலாலம்பூருக்கு வடக்கே இருந்த ஈய ஊர். ஈய மண்ணைக் கழுவத் தண்ணீர் வேண்டும். அதே தண்ணீர் ஈயம் தோண்டும் கிடங்குக்குள் ஊறினால் வேலை நின்றுவிடும். மாரி வெள்ளம் வயல் வட்டைக்குள் நின்றால் வடிக்கப் படுகிற பாடு எங்கள் விவசாயிகளுக்குத் தெரியும். இது அதைவிட ஆழமான குழி, மழை ஓயாத நாடு. தம்புசாமியும் லோக் யூ என்ற சீன முதலாளியும் கூட்டுச் சேர்ந்து, 1894இல் மின்சாரத்தால் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார்கள். மலாயாவில் மின்சாரம் முதன்முதல் வந்தது அங்கேதான். கிடங்குக்கு வந்த கரண்டில் றவாங் தெருவுக்கும் விளக்கு எரிந்தது.

இப்போதுதான் றேடியோவைத் திருப்பினவர்களுக்காக இன்னொருதரம் சொல்கிறேன்: 1894. கோலாலம்பூர் றெயில்வே ஸ்ரேசனுக்கே அடுத்த வருசம்தான் மின்விளக்கு. நான் குப்பி விளக்கில் வாய்ப்பாடு படித்தது 1960களில். மூக்குத் துவாரம் கறுத்துப்போய்ப் பள்ளிக்கூடம் போவோம். வாத்தியார் மூக்கைப் பார்த்தே ஆர் படித்தது, ஆர் படிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. றெயில்பாதை வேலைக்கு இந்தியாவிலிருந்து கூலியாட்களைக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. தண்டவாளத்தின் ஓரத்தில் அந்த ஆட்கள் பட்ட பாட்டை இதற்குள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிசம்தான் மிச்சமாம். பள்ளிக்கூடக் கதையை ஆறுதலாகச் சொல்லத்தான் கடைசியில் வைத்திருந்தேன். 1893இல் கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்ரிரியூசன் தொடங்கியபோது சுல்தானோடும் சீன முதலாளிமாரோடும் இவரும் நின்றார். இன்றைக்கும் அது நடக்கிறது. 1902இல் சிங்கப்பூரில் காலமானார். கோலாலம்பூரில் அவர் பெயரில் ஒரு வீதி இருக்கிறது, ஜாலான் தம்புசாமி. அந்தப் பக்கம் பிள்ளைகள் இருக்கிறவர்கள் கேட்டுப் பாருங்கள். வணக்கம்.