கைமாற்று கேட்கும் தூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு ஜிப்பிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன். பையில் இருக்குமே, அந்த ஜிப்தான்.

பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் நெருக்கமாக வாழும் ஒரு பகுதியில் நானும் சில நண்பர்களும் ஒரு சிறு தொண்டு நிறுவனம் நடத்துகிறோம். எங்களிடம் இருப்பது ஓர் அறை, ஒரு நீள மேசை. அரைநேரச் சம்பளத்தில் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாரும் தங்கள் வேலை முடிந்த பிறகு வந்து கைகொடுப்பவர்கள். ஆரம்பத்தில் நாங்கள் செய்தது இதுதான்: புதிதாக யாராவது குடிவந்தால் போய்க் கதவைத் தட்டுவோம். போர்வை, பாத்திரம், பிள்ளைகளுக்கு நோட்டு என்று ஒரு பை நிறையக் கொடுப்போம். எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். திரும்பி வந்துவிடுவோம்.

அப்படி ஓர் அம்மாவின் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தோம். எட்டு மாதம் போயிருப்போம். ஒருநாளும் அவர் எங்களை உள்ளே வரச் சொன்னதில்லை. கதவைப் பாதி திறப்பார், சாமான்களை வாங்கிக்கொள்வார், தரையைப் பார்த்தபடியே நன்றி சொல்வார். கூச்ச சுபாவம் போல என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஒன்பதாவது மாதம், அவர் வாசலில் வைத்தே எங்கள் பையின் ஜிப் பிய்ந்துகொண்டது. சாமான்கள் படிக்கட்டில் உருண்டன. அந்த அம்மா கதவை முழுக்கத் திறந்தார். என் கையிலிருந்து பையை வாங்கினார். பிடுங்கினார் என்றே சொல்லலாம். உள்ளே போய் ஒரு குறடும் ஒரு மெழுகுவத்தித் துண்டும் எடுத்துவந்தார். ரன்னரின் இரண்டு ஓரத்தையும் குறடால் லேசாக அழுத்தினார். ஜிப்பின் பற்கள்மேல் மெழுகை மேலும் கீழுமாகத் தேய்த்தார். அப்புறம் இழுத்துக் காட்டினார். வழுக்கிக்கொண்டு போனது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் இருபது வருடம் தையல் வேலை செய்தவர். எங்கள் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. வீட்டில் எத்தனை பேர், என்ன நோய், என்ன வேண்டும் என்றெல்லாம் கேட்டிருந்தோம். உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கவே இல்லை.

நான் இன்று சொல்ல வந்த விஷயமே அதுதான். புதிதாக வந்தவர்களுக்குக் கொடுக்க முன்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏதாவது ஒன்றைக் கேட்கிறவர்கள்தான் மிகக் குறைவு. யாரும் எதுவும் கேட்காமல் ஒரு தெருவில் பத்து வருடம் இருந்தாலும், அந்தத் தெருவுக்கு அவர் புதியவர்தான்.

தமிழில் கைமாற்று என்று ஒரு சொல் இருக்கிறது. பேச்சில் கைமாத்து என்போம். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, சாட்சி கிடையாது. இதை யாரிடம் கேட்க முடியும்? நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. முகம் பழகியிருக்க வேண்டும். நாளைக்கும் அந்த முகத்தைப் பார்ப்போம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், எப்போதாவது அவரும் நம்மிடம் எதையாவது கேட்டிருக்க வேண்டும். ஒருவர் கையே எப்போதும் நீண்டுகொண்டிருந்தால் அதைக் கைமாற்று என்று சொல்ல மாட்டோம். எங்கள் பகுதியில் அடுத்தடுத்த கதவுகளுக்கு நடுவே நாலடி கூட இருக்காது. ஆனால் கைமாற்று கேட்கும் தூரம் என்று பார்த்தால், அது ரொம்பத் தொலைவாக இருந்தது.

இந்த வேலையை எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். 1884இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் டாயின்பி ஹால் என்ற இல்லம் தொடங்கியது. படித்தவர்கள் ஏழைகளின் தெருவிலேயே போய்த் தங்கி, அவர்களோடு வாழ்வது என்ற ஏற்பாடு. அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஜேன் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பெண், தன் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் 1889இல் சிகாகோவில் அதே போல ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். சுற்றிலும் இத்தாலியர்கள், கிரேக்கர்கள், ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள் என்று குடியேறியவர்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம், இரவு வகுப்புகள் என்று அந்த இல்லம் வளர்ந்தது. ஆடம்ஸுக்கு 1931இல் அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அவர் செய்ததிலேயே என் மனதுக்கு மிக நெருக்கமானது ஒரு சின்ன அறை.

ஒருநாள் அவர் தெருவில் நடந்துபோகும்போது, ஒரு வயதான இத்தாலிய அம்மா வெயிலில் படியில் உட்கார்ந்து, நம் தக்ளியைப் போன்ற ஒரு குச்சிக் கதிரில் நூல் நூற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அந்தப் பகுதியின் பிள்ளைகள் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள், அமெரிக்க உடை உடுத்தினார்கள், அம்மாவின் தலைமுக்காட்டைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். ஆடம்ஸ் 1900இல் ஹல் ஹவுஸில் ஒரு தொழில் அருங்காட்சியகம் அமைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள்களை வைத்துக் காட்டும் இடம் அல்ல அது. நூற்கத் தெரிந்தவர்களும் நெய்யத் தெரிந்தவர்களும் அங்கே வந்து, எல்லாரும் பார்க்கத் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தை ஆடம்ஸே எழுதிவைத்திருக்கிறார். ஓர் இத்தாலியப் பெண்பிள்ளை சமையல் வகுப்புக்கு வருவாள். அவள் அம்மா அதே மாலையில் நூற்க வருவார். அம்மாவோடு சேர்ந்து வருவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மகள் வேறு வாசல் வழியாக வருவாள். ஒருநாள், பார்க்க வந்திருந்தவர்கள் தன் அம்மாவைச் சுற்றி நின்று அந்தக் கைத்திறனை வியந்து பேசுவதை அவள் கேட்டாள். என் அம்மாதான் அமெரிக்காவிலேயே இதில் கெட்டிக்காரரா என்று ஆடம்ஸிடம் வந்து விசாரித்தாள். அப்புறம் அம்மா வந்த வாசல் வழியாகவே அவளும் வர ஆரம்பித்தாள்.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த இரண்டு வாசல்களை நான் இன்றும் பார்க்கிறேன். புது நாட்டு மொழியைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், பெற்றவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். பத்து வயதுப் பையன் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து தன் அம்மாவின் வயிற்றுவலியை மொழிபெயர்க்கிறான். தான் சொல்லக் கூடாததைச் சொல்கிறோமோ என்று அவன் குரல் இறங்கிப்போவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அவமானம், பிள்ளைக்குப் பாரம். வீட்டுக்கு வந்தபிறகு யார் யாருக்குப் பெரியவர் என்பதே குழம்பிப்போகிறது. பெரியவர்களுக்கு மொழிபெயர்க்கப் பெரியவர்களைத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதலில் ஒரு பெரிய விழா நடத்தினோம். எல்லா மொழிப் பாட்டும் இருந்தது, கூட்டமும் நல்ல கூட்டம். படம் எடுத்து வைத்திருக்கிறோம். பிறகு அந்தப் படங்களை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு மொழிக்காரரும் தனித்தனி வட்டமாகவே உட்கார்ந்திருந்தார்கள். வட்டம் வட்டமாக வந்தார்கள், வட்டம் வட்டமாகவே வீட்டுக்குப் போனார்கள். அந்த விழாவுக்காக நாங்கள் மூன்று மாதம் உழைத்திருந்தோம்.

அந்த ஜிப்புக்குப் பிறகு வேறு மாதிரி யோசித்தோம். சனிக்கிழமை நாலு மணிக்கு மேசையை வெளியே இழுத்துப் போடுவோம். உடைந்தது, கிழிந்தது, ஓடாதது எதுவாக இருந்தாலும் கொண்டுவரலாம். தெரிந்தவர்கள் பழுது பார்ப்பார்கள், கொண்டுவந்தவரும் கூட உட்கார வேண்டும். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. மார்ட்டீன் போஸ்ட்மா என்ற டச்சுப் பத்திரிகையாளர் 2009இல் ஆம்ஸ்டர்டாமில் இப்படி ஒன்றைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் நடக்கிறது. அவர் குப்பையைக் குறைக்க நினைத்தார். எங்களுக்கு அதில் வேறொன்று கிடைத்தது. கைக்கு வேலை இருந்தால் மொழி தெரியாததை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கேட்க இலக்கணம் வேண்டாம். வாராவாரம் அதே கிழமை, அதே நேரம், அதே முகங்கள். மூன்றாவது வாரம் பெயர் தெரிந்தது. ஐந்தாவது வாரம், போன வாரம் வராத ஒருவரைப் பற்றி இன்னொருவர் விசாரித்தார்.

இதெல்லாம் மேலோட்டமான பழக்கம்தானே, இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 1973இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது பார்ப்போம், அல்லது பார்ப்பதே அபூர்வம் என்றார்கள். காரணம் நமக்கே தெரிந்ததுதான். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கிடங்கில் வேலை பார்த்தால், அவர்கள் காதில் விழும் செய்தியும் அந்தக் கிடங்கின் செய்தியாகத்தான் இருக்கும். அடுத்த தெருவில் ஆள் எடுக்கிறார்கள் என்பதை மாடிப்படியில் பார்க்கும் மனிதர்தான் சொல்வார்.

சில சமயம் இது உயிர் சம்பந்தப்பட்டது. 1995 ஜூலையில் சிகாகோவைக் கடும் வெப்ப அலை தாக்கியது. 700 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் வயதானவர்கள், தனியாக இருந்தவர்கள். எரிக் கிளினன்பர்க் என்ற ஆய்வாளர் அங்கே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். வடக்கு லான்டேலிலும் தெற்கு லான்டேலிலும் தனியாக வாழும் ஏழை முதியவர்களின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். வெயிலும் ஒரே வெயில். ஆனால் வடக்கில் லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள், தெற்கில் லட்சத்துக்கு 4 பேர். தெற்குப் பகுதியில் நிறைய இருந்தவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அங்கே தெருவில் எந்நேரமும் கடையும் நடமாட்டமும் இருந்ததால் முதியவர்கள் பயமில்லாமல் வெளியே வந்தார்கள், முகம் தெரிந்தவர்களாக இருந்தார்கள். வடக்கில் ஆலைகள் மூடி, கடைகள் மூடி, காலி மனைகள் பெருகிவிட்டன. முதியவர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். குடியேறியவர்கள் கூட்டமாக இருந்தால் அந்த இடம் கெட்டுவிடும் என்று பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்கள் ஞாபகம் வரும்.

அதே 1995இல், ஜனவரி 17ஆம் தேதி, ஜப்பானின் கோபேயில் நிலநடுக்கம். வானொலியில் பேசுவதால் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. நகாதா வட்டாரத்தில் காலணித் தொழிலில் கொரியர்களும் வியட்நாமியர்களும் நிறைய இருந்தார்கள். எங்கே தண்ணீர், எங்கே தங்குவது என்ற அறிவிப்புகள் வந்தன. மொழி புரிய வேண்டுமே. இரண்டே வாரத்துக்குள் கொரிய மொழியில் ஒரு சிறு வானொலி பேச ஆரம்பித்தது. வசந்தத்தில் வியட்நாமிய மொழியிலும் ஒன்று வந்தது. இரண்டும் சேர்ந்து எஃப்எம் ஒய்ஒய் என்ற பல்மொழி நிலையமானது. 1996 ஜனவரியில் முறையான உரிமமும் பெற்றது. வீடு இடிந்தவர்களே மைக் முன்னால் உட்கார்ந்து அடுத்தவருக்குத் தகவல் சொன்னார்கள்.

எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு ஒரு ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் எங்களைத் தெரியும், அவர்களுக்குள் ஒருவரையொருவர் தெரியாது என்ற நிலைமை வந்துவிடும். மாடி வீட்டுக் குழாய் ஒழுகி எங்கள் கூரையில் தண்ணீர் இறங்குகிறது, வந்து சொல்லுங்கள் என்று எனக்குப் போன் வரும். முன்பெல்லாம் நானே ஓடிப்போய் மாடியில் சொல்லிவிட்டு வருவேன். நல்ல வேலை செய்ததாக நினைத்துக்கொள்வேன். இப்போது, மாடியில் இருப்பவர் பெயர் தெரியுமா என்று கேட்கிறேன். தெரியாவிட்டால் கூடவே படியேறிப் போகிறேன். கதவைத் தட்டுவது அவர், நான் இரண்டு படி கீழே நின்றுகொள்வேன். கூடுதல் நேரம் பிடிக்கும்தான். ஆனால் அடுத்த ஒழுகலுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்.

நிதி கொடுப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். எத்தனை பேருக்கு எத்தனை பை என்று எழுதினால் அவர்களுக்குத் திருப்தி. எங்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது: தன் வீட்டுச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவைத்திருப்பவர்கள் யார் யார்? அறிக்கையில் இதை எழுதினால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். பரவாயில்லை, மறுபடியும் எழுதுகிறோம்.

அந்தத் தையல் அம்மா இப்போது சனிக்கிழமை மேசையில் ஓர் ஓரத்தைத் தனக்கென்று வைத்திருக்கிறார். அவர் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார், வேறு மொழிக்காரர். இந்த அம்மா அவருடைய பேன்ட்டுக்கு விளிம்பு மடித்துக் கொடுத்தார். அவர் இவருடைய மிக்ஸியைப் பிரித்து ஓடவைத்தார். சில வாரங்களுக்கு முன்னால் ஒருநாள் காலை பெரியவரின் ஜன்னல் திரை விலகவில்லை. இந்த அம்மா மேலே போய்த் தட்டிப் பார்த்திருக்கிறார். அவரிடம் சாவி இருந்தது. திறந்தால், பெரியவர் குளியலறையில் விழுந்து எழ முடியாமல் கிடந்திருக்கிறார். ஐந்தாம் மாடியில் அவர் மொழி பேசும் ஒரு பெண் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வரவழைத்து, கூடவே ஏறிப் போயிருக்கிறார்கள். பெரியவர் இப்போது நலமாக இருக்கிறார்.

எனக்கு இது சனிக்கிழமைதான் தெரிந்தது, அதுவும் தற்செயலாக. எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே அம்மா என்றேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, புரியாதவர் போல என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கா? எதற்கு?" என்றார்.

நேயர்களே, நன்றி. வணக்கம்.