அந்த ஆடு எதற்கு?

நடுவர் அவர்களே, வணக்கம். மதங்களுக்குள் புரிதலை வளர்ப்பது சேர்ந்து வாழ்வதா, மறைநூல்களைச் சேர்ந்து படிப்பதா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் பிரியாணி வாசனையோடு பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்ரீத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தூக்கு வருகிறதாம், தீபாவளிக்கு இவர் வீட்டு அதிரசம் அங்கே போகிறதாம். அப்புறம் நூலை எதற்குத் திறப்பது, திறந்தால் சண்டைதான் என்கிறார்.

சரி, திறந்தே பார்ப்போம். 1990களில் பீட்டர் ஓக்ஸ் என்ற யூத அறிஞரும், டேவிட் ஃபோர்டு, டேனியல் ஹார்டி என்ற ஆங்கிலிக்க இறையியலாளர்களும் ஒரு வாசிப்பு முறையைத் தொடங்கினார்கள். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே பொருளைப் பற்றி மூன்று நூல்களிலும் உள்ள சின்னப் பகுதிகளைப் படிப்பார்கள். கருத்து ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது.

கடவுள் சொன்னார் என்று ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன கதையையே எடுங்கள். யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் பொதுவான ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் மகன் ஈசாக்குக்கு விஷயமே தெரியாது. நெருப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே அப்பா என்று கேட்கிறான். குர்ஆன் 37ஆம் அத்தியாயத்தில் மகனைப் பலியிடுவதாகத் தான் கண்ட கனவை அப்பா சொல்லி, நீ என்ன நினைக்கிறாய் என்று மகனிடமே கேட்கிறார். மகன் சம்மதிக்கிறான். அவன் பெயர் அந்த இடத்தில் இல்லை. இஸ்மாயீல் என்பதுதான் பெரும்பாலான முஸ்லிம்களின் கொள்கை. கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டில் உள்ள எபிரெயர் நிருபமோ, செத்தவனையும் கடவுள் எழுப்புவார் என்ற ஆபிரகாமின் நம்பிக்கையைப் பேசுகிறது. யூதர்கள் இதைப் பலி என்றே சொல்வதில்லை, 'அகேதா', அதாவது கட்டுதல் என்கிறார்கள். அவனுக்குப் பதிலாக ஓர் ஆடு வந்து, பிள்ளை பிழைத்துக்கொண்டானே! மகனிடம் கேட்டாரா, கேட்கவில்லையா? இந்த ஒரு கேள்விக்கே ஒரு மாலைப்பொழுது போதாது. பெற்ற பிள்ளையைப் பற்றிய பேச்சு நடுவர் அவர்களே, யாருக்குக் கை ஓங்க மனசு வரும்?

அடுத்தவர் நூலைப் படித்தால் சொந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும் என்றும் ஒரு பயம் காட்டினார். நீதிபதி மு.மு. இஸ்மாயில் கம்பனில் ஊறித் திளைத்தவர். கடைசிவரை இஸ்லாமியராகவே இருந்தார்.

எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வி. பக்ரீத் பிரியாணியை இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறீர்களே ஐயா, அந்த ஆடு யாருக்குப் பதிலாக வந்தது என்று அந்த பாயிடம் ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?