வெட்டிப் பேசலாம், வெட்டி ஒட்டக்கூடாது

(கடலூர்ல ஒரு காலேஜ் பேச்சு மன்றத் தொடக்க நாள்ல பேசுனது. ரெக்கார்ட் பண்ணதைக் கேட்டு அப்படியே டைப் பண்ணியிருக்கேன், பேசுன மாதிரியேதான் இருக்கும்.)

எல்லாருக்கும் வணக்கம். பாகூர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடின்னு காலங்காத்தால டவுன் பஸ் புடிச்சு வந்து சாப்பாட்டு டப்பாவக்கூட இன்னும் தொறக்காம உக்காந்திருக்கீங்க, நானும் அந்த பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தவதான், அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடறேன்.

2017. எனக்கு அந்த வருஷம் மறக்கவே மறக்காது. ஜனவரில ஜல்லிக்கட்டுப் போராட்டம், மெரினாவுல 17ஆம் தேதி ஆரம்பிச்சது ரெண்டே நாள்ல தமிழ்நாடு பூரா பரவுச்சு, நாங்களும் க்ளாஸ விட்டு வெளிய வந்து ரோட்டுல உக்காந்தோம். தலைவர்னு ஒருத்தர் கிடையாது, யார் யாரோ தண்ணி பாட்டில் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க, ராத்திரியில செல்போன் லைட்ட தூக்கிப் புடிச்சோம். 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்துச்சு, 23ஆம் தேதி சட்டசபையில மசோதாவே நிறைவேறுச்சு, அதே 23ஆம் தேதி காலையிலதான் மெரினாவுல உக்காந்திருந்தவங்கள போலீஸ் அப்புறப்படுத்துனதும். பதினெட்டு வயசுல இதப் பாத்தவளுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. நாம உக்காந்தா சட்டமே மாறுதுன்னு நெஞ்சு நிமிந்து போச்சு.

அதே வருஷம் ஜூன் 25ஆம் தேதி விஜய் டிவியில பிக் பாஸ் ஆரம்பிச்சுது, கமல் சார் நடத்துனாரு. மெரினாவுல கோஷம் போட்டே ஊரறிஞ்ச ஜூலியும் அந்த வீட்டுக்குள்ள போனாங்க. ஜனவரில அவங்க வீடியோவ வீரத் தமிழச்சின்னு ஸ்டேட்டஸ் வெச்ச அதே புள்ளைங்க, நானும் சேத்திதான், ஜூலையில ஹாஸ்டல் டிவி ரூம்ல உக்காந்து அவங்கள வாய்க்கு வந்தபடி திட்டுனோம். நடுவுல ஆறே மாசம். அந்தப் பொண்ண நாங்க யாரும் நேர்ல பாத்தது கிடையாது.

அந்த டிவி ரூம கொஞ்சம் சொல்றேன். அறுவது பேருக்கு ஒரு டிவி, சேர் பத்தாது, குளிக்கிற பக்கெட்ட கவுத்துப் போட்டு அதுமேல உக்காருவோம், ஒன்பது மணிக்கு வார்டன் சாவி குடுத்தா சீரியல் கோஷ்டி ஒரு பக்கம் முணுமுணுக்கும், ப்ரோமோ மியூசிக் வந்தா எல்லாம் அடங்கிடும். யாரை வெளிய போகாம காப்பாத்தணும்னு போன்ல கூகுள்ல தேடி ஓட்டு குத்துவோம், அப்ப ஒரே ஆள் பல ஓட்டு போடலாம், நெட் பேக்க அதுக்குன்னே மிச்சம் புடிச்சு வெச்ச புள்ளைங்கள எனக்குத் தெரியும். அந்த நிகழ்ச்சி 1999ல நெதர்லாந்துல பொறந்தது, நாடு நாடா போயி நம்ம ஊருக்கு வந்து சேர பதினெட்டு வருஷம் ஆச்சு, ஆனா அதோட அடிப்படை எங்கயும் மாறல, ராப்பகலா கேமரா ஓடும், நமக்கு வர்றது ஒரு மணி நேரம், போனா ஒன்றரை மணி நேரம். மீதி இருபத்திரெண்டு இருபத்திமூணு மணி நேரம் அவங்க பல்லு வெளக்குனது, பொறுமையா இருந்தது, சண்டைக்கு முன்னாடி எதிராளி என்ன சொன்னாங்கங்கிறது, இதெல்லாம் யாரோ ஒருத்தர் ரூம்ல உக்காந்து வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்ப எனக்கு அது உறைக்கவே இல்ல.

சரி, இப்ப எலெக்ஷனுக்கு வரேன்.

ஸ்டூடண்ட்டுக்கு எதுக்கு அரசியல், படிக்கப் போனியா கொடி புடிக்கப் போனியான்னு எங்க அப்பாவும் கேட்டாரு, உங்க வீட்லயும் கேப்பாங்க. நம்ம மாவட்டத்துல இருந்துக்கிட்டு இந்தக் கேள்விய கேக்கறது எனக்கு சங்கடமா இருக்கும். 1965 ஜனவரி 27, சிதம்பரம், இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல போலீஸ் சுட்டதுல அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் செத்துப் போனாரு. அப்ப இது தென்னாற்காடு மாவட்டம். அவருக்கு அங்க சிலை இருக்கு, போனா நின்னு பாருங்க, உங்க வயசுதான். ரெண்டு வருஷம் கழிச்சு 1967ல இந்த மாநிலத்தோட ஆட்சியே மாறுச்சு. மாணவனுக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் இல்லன்னு இந்த மண்ணுல நின்னு எப்படிங்க சொல்றது? 1989ல இருந்து பதினெட்டு வயசுக்கு ஓட்டுரிமை இருக்கு, எம்எல்ஏவ தேர்ந்தெடுக்கலாம், எம்பிய தேர்ந்தெடுக்கலாம், தன் காலேஜ் மன்றச் செயலாளர தேர்ந்தெடுக்க மட்டும் பக்குவம் பத்தாதா? தமிழ்நாட்டுல முக்காவாசி காலேஜ்ல ஒழுங்கான தேர்தலே கிடையாது, மார்க் வாங்குற புள்ளைய வாத்தியாரே கூப்பிட்டு நீதான்னு சொல்லிடுவாங்க. எனக்கு இது சரியே இல்லன்னு அன்னைக்கும் தோணுச்சு, இன்னைக்கும் தோணுது.

எங்க காலேஜ்ல அந்த 2017ஆம் வருஷம் தேர்தல் வெச்சாங்க. நான் இணைச் செயலாளருக்கு நின்னேன். லிங்டோ கமிட்டின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில போட்டது, அது சொன்னதை 2006 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் அமல்படுத்தச் சொல்லுச்சு. ஒரு வேட்பாளர் 5000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக்கூடாது, 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும், அரியர் இருக்கக்கூடாது, அச்சடிச்ச போஸ்டர் கூடாது, கையால எழுதுனது மட்டும்தான். அந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய காலண்டர் தாளத் திருப்பிப் போட்டு வராண்டாவுல படுத்துக்கிட்டே எழுதுனோம், மெஸ் அக்காகிட்ட மைதா வாங்கிப் பசை காய்ச்சுனோம், கட்டி தட்டிப் போச்சு, விரலால நசுக்கி நசுக்கித் தேச்சோம். மறுநாள் பாத்தா பாதி போஸ்டர எறும்பு மொச்சிருந்துச்சு.

இந்த லிங்டோ சமாச்சாரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி வேற ஒரு காலேஜ்ல பேச்சுப் போட்டி. தலைப்பு, கல்லூரிகளில் மாணவர் தேர்தல் தேவை. ஒட்டிப் பேசணுமா வெட்டிப் பேசணுமாங்கிறது சீட்டுல வரும். எனக்கு வந்தது வெட்டி. நான் தேர்தல் வேணும்னு நெனக்கிறவ, வேணாம்னு ஏழு நிமிஷம் பேசணும். அழுகையே வந்துச்சு. அப்புறம் லைப்ரரியில உக்காந்து வேணும்னு சொல்றவங்க என்ன சொல்றாங்க, வேணாம்னு சொல்றவங்க எதுக்கு பயப்படறாங்கன்னு ரெண்டையும் தேடித் தேடிப் படிச்சேன். அப்பதான் தெரிஞ்சுது, நான் ஒதுக்கித் தள்ளுன பக்கத்துலயும் நியாயமான பயம் இருக்குன்னு. சாதி பேசி ஓட்டு கேப்பாங்க, வெளிய இருந்து காசு வரும், ஒரே ரூம்ல இருக்குற ரெண்டு பேர் பேசிக்காம போயிடுவாங்க, இதெல்லாம் கற்பனை இல்லீங்க. இங்கிலீஷ் டிபேட்டுல பார்லிமென்டரி முறைன்னு வெச்சிருக்காங்க, நாலு டீம், டீமுக்கு ரெண்டு பேர், தலைப்பு குடுத்து பதினஞ்சே நிமிஷம் டைம், எந்தப் பக்கம்னு அவங்களே சொல்லிடுவாங்க, ஆளுக்கு ஏழு நிமிஷம், முதல் நிமிஷமும் கடைசி நிமிஷமும் தவிர நடுவுல எதிர் டீம் எழுந்து கேள்வி கேக்கலாம். எங்க போனாலும் அடிப்படை இதான், உனக்குப் பிடிக்காத பக்கத்துல உன்ன நிக்க வெப்பாங்க, அங்க நின்னு பாத்தாதான் அந்தப் பக்கம் வெயில் எப்படி அடிக்குதுன்னு தெரியும்.

அந்தப் போட்டியில நான் ரெண்டாவது வந்தேன். சந்தோஷமா ஹாஸ்டலுக்கு வந்தோம், கூட வந்த புள்ளைங்க வீடியோ எடுத்திருந்தாங்க.

தேர்தலுக்கு மொத நாள் ராத்திரி, டிவி ரூம்ல பிக் பாஸ் ஓடிக்கிட்டிருக்கு, ஒவ்வொரு போனா டிங் டிங்னு சத்தம். வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரு வீடியோ. நான்தான். "தேர்தல்னு வந்தா காசு வரும், சாதி வரும், தோழி எதிரியாவா, நமக்கு எதுக்கு இந்தத் தேர்தல்?" இருபது செகண்ட். கீழ ஒரு வரி, தேர்தலே வேணாம்னு சொன்னவளுக்கா உங்க ஓட்டு. எனக்குக் கிடைச்ச சீட்டு வெட்டிப் பேசுறதுன்னு நான் சொன்ன முதல் வரி அதுல இல்ல.

வயித்துல யாரோ கை விட்டுப் பெசஞ்ச மாதிரி இருந்துச்சு. டிவியில அப்ப யாரோ அழுதுக்கிட்டிருந்தாங்க, யாருமே பாக்கல, எல்லாரும் என்னையே பாத்தாங்க. அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிஞ்சுது, நான் இத்தன நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு. ஏழு நிமிஷம்னா 420 செகண்ட், அதுல 20 செகண்ட்னா இருபத்தொண்ணுல ஒரு பங்கு. இருபத்திநாலு மணி நேரத்துல ஒரு மணி நேரம்னா இருபத்திநாலுல ஒரு பங்கு. கிட்டத்தட்ட ஒரே கணக்கு. அந்த ஒரு பங்க வெச்சுத்தான் நான் ஒரு பொண்ண மாசக்கணக்கா திட்டியிருக்கேன்.

வாரக் கடைசியில கமல் சார் குறும்படம்னு போட்டுக் காட்டுவாரு, யாரு என்ன சொன்னாங்கன்னு பழைய ஃபுட்டேஜ எடுத்து வெப்பாங்க, நாங்க கைதட்டுவோம். எனக்குக் குறும்படம் போட ஆள் இல்ல. அதுவும் யாரோ வெட்டிக் குடுத்ததுதாங்கிறது வேற விஷயம்.

க்ரூப்ல நான் பக்கம் பக்கமா டைப் பண்ணேன், யாரும் படிக்கல. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவ தட்டுற சத்தம், ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒண்ணு, பண்ருட்டிப் பக்கம், என்கிட்ட அதுக்கு முன்னாடி பேசுனதே இல்ல. "அக்கா, முழு வீடியோ இருக்கா?"ன்னு கேட்டா. அறுவது பேர் இருந்த ஹாஸ்டல்ல அந்தக் கேள்விய கேட்டது அவ ஒருத்திதான். குடுத்தேன். வராண்டா படியில உக்காந்து, கீறல் விழுந்த போனக் காதுகிட்ட வெச்சுக்கிட்டு ஏழு நிமிஷமும் பாத்தா, ஒரு எடத்துல நிறுத்தித் திரும்ப ஓட்டிக் கேட்டா. முடிச்சுட்டு என்ன சொன்னா தெரியுமா? "அக்கா, என் ஓட்டு உங்களுக்கு இல்ல, எங்க ஊர்க்கார அக்கா நிக்குறாங்க. ஆனா நீங்க அப்படிச் சொல்லலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்." சொன்னா. மறுநாள் காலையில மெஸ் க்யூவுல தட்டோட நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயா சொன்னா, அவ ஓட்டு போடப் போற பக்கத்துக்கு அது நஷ்டம்னு தெரிஞ்சே சொன்னா.

நான் 19 ஓட்டுல தோத்தேன். ஓட்டு எண்ணுனத மட்டும் சொல்லிடறேன், ஏன்னா அது எனக்கு முக்கியம். சாக்பீஸ் டப்பாவுலதான் சீட்டு, மேடம் ஒவ்வொண்ணா பிரிச்சு ரெண்டு பக்க ஏஜென்ட்டுக்கும் காட்டிட்டுத்தான் போர்டுல கோடு போடுவாங்க, நாலு கோடு போட்டு அஞ்சாவதக் குறுக்க இழுப்பாங்க. எனக்கு விழுந்த ஓட்டும் அதே போர்டுல இருந்துச்சு. பாண்டிச்சேரி இந்தியாவோட சேரணுமான்னு 1954 அக்டோபர் 18ல கீழூர்ல ஓட்டெடுப்பு நடந்துச்சே, 178 பிரதிநிதிங்க, 170 பேர் சேரணும்னாங்க, 8 பேர் வேணாம்னாங்க. அந்த எட்டு பேரையும் எண்ணி எழுதி வெச்சிருக்கோம் பாருங்க, தேர்தலுக்கும் பிக் பாஸ் எலிமினேஷனுக்கும் வித்தியாசம் அங்கதான் இருக்கு. தோத்தவன் வீட்ட விட்டு வெளிய போறதில்ல, அதே க்ளாஸ்ல அடுத்த பெஞ்சுல உக்காந்து ஜெயிச்சவள கேள்வி கேப்பான். அந்த வருஷம் பூரா நான் கேட்டேன், லேடீஸ் டாய்லெட் தண்ணிக்காக மட்டும் நாலு தடவ கேட்டிருப்பேன், ஜெயிச்ச அக்காவும் முகம் சுளிக்காம ஆபீஸுக்கு நடையா நடந்தாங்க.

இதே கடற்கரையோட தெக்கால போனா பூம்புகார். அங்க இந்திர விழாவுக்கு முரசு அறையுறவன் ஊர் மக்களுக்குச் சொல்றதா மணிமேகலையில வருது, பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்னு. வாதம் பண்ற மேடையில அதோட முறை தெரிஞ்சு ஏறுங்க. அதோட விடல, அடுத்து, பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின். உனக்கு ஆகாதவனா இருந்தாலும் கோவம், சண்டை இல்லாம விலகிப் போ. விழா நடத்துற ஊர்ல பந்தல் போடு, தோரணம் கட்டுன்னு சொல்ற அதே மூச்சுல இதையும் சொல்லியிருக்காங்க. வாதம் பண்றதும் விழாவுல ஒரு பகுதியா இருந்திருக்கு. எனக்கு இத எப்பப் படிச்சாலும் சிலிர்க்கும்.

இப்ப நான் வக்கீல். எதிர்த்தரப்பு பேப்பர முதல் பக்கத்துல இருந்து கடைசி கையெழுத்து வரைக்கும் படிக்காம கோர்ட்டுக்குப் போறதில்ல, அந்தப் பழக்கம் அந்த வராண்டாப் படியிலதான் வந்துச்சு. டிவி பாக்காதீங்கன்னு நான் சொல்ல வரல, நானும் இன்னைக்கும் பாக்குறவதான். கைக்கு வர்ற இருபது செகண்ட ஃபார்வேர்ட் பண்றதுக்கு முன்னாடி முழுசு எங்கன்னு கேளுங்க, அது உங்களுக்குப் பிடிக்காத ஆளா இருந்தா கட்டாயம் கேளுங்க. வெட்டிப் பேசுங்க, நல்லா நெத்தியடியா பேசுங்க. அடுத்தவங்க பேச்ச வெட்டி ஒட்டுறது மட்டும் வேணாம்.

மேடம் டைம் ஆச்சுன்னு பாக்குறாங்க. இந்த டேபிள் மேல ஒரு சாக்பீஸ் டப்பா இருக்கு, காலையில நானே பதினாறு சீட்டு எழுதி மடிச்சுப் போட்டிருக்கேன், எட்டு ஒட்டி, எட்டு வெட்டி. சனிக்கிழமை முதல் பயிற்சி, தலைப்பு, நம்ம காலேஜ்ல அடுத்த வருஷம் மாணவர் தேர்தல் வேணும். பின்னாடி மூணாவது வரிசையில அப்பவே தலையாட்டிக்கிட்டிருந்த தங்கச்சி, நீ வாம்மா, முதல் சீட்ட நீ எடு.